வழித்துணைக்குத் துவக்கா?

முன்னிரவு எட்டு மணி. கந்தோரைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்த நேரத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்றார். வடமராட்சியில் வெங்காயம் வாங்கித் தம்புள்ளைச் சந்தைக்கு லொறியில் ஏற்றும் வியாபாரி. என்னிலும் பதினைந்து வயது மூத்தவர். விற்ற காசோடு திரும்பி வருகையில் பரந்தனுக்கு இப்பால் இருட்டிலே வழிமறிக்கப்பட்டு, ஒரு கிழமை உழைப்பை வாள்முனையில் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தவர். நெற்றியிலே கட்டு இன்னும் அவிழவில்லை.

"ஐயா, எனக்கொரு துவக்குக்கு லைசென்ஸ் எடுத்துத் தாங்கோ. கைத்துவக்குக் குடுக்கமாட்டினமாம். நெடுந்துவக்கெண்டால் குடுப்பினமாம். லொறியிலை கொண்டுபோகச் சட்டம் விடுகிற மாதிரி எது நல்லதெண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

"முறைப்பாடு எழுதினீங்களோ, அண்ணை?" என்று கேட்டேன்.

"எழுதினது. நான் சொன்னது தமிழிலை, அவை எழுதினது சிங்களத்திலை. கையெழுத்து வையெண்டிச்சினம், வைச்சன்."

அன்றிரவு அவருக்கு நான் சொன்ன பதிலையே இங்கு விரித்து எழுதுகின்றேன். ஏனெனில், இக்கேள்வி அவர் ஒருவருடைய கேள்வியன்று. வாள்வெட்டுக் கும்பல்கள் வீதிக்கு இறங்கிய நாள் முதல், படித்தோரும் பாமரரும், வெளிநாட்டிலிருந்து வந்து காணிக்கு வேலியடைக்கும் உறவினரும், "வழித்துணைக்கு ஒரு துவக்கு இருந்தால் என்ன?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். நம்மிடையே மேடையேறுவோர் சிலரும், "தமிழனுக்கு மட்டும் ஏன் துவக்கு இல்லை?" என்று முழங்கிக் கைதட்டு வாங்குகின்றனர். கைதட்டு மலிவானது; பின்னால் வரும் வழக்குச் செலவு மலிவானதன்று. எனவே, கேள்வியைக் கேள்வியாகவே எடுத்து, சட்டத்தின் முன்னும் வரலாற்றின் முன்னும் நிறுத்தி விசாரிப்போம்.

சட்டம் கொடுப்பது எது?

இந்நாட்டிலே துப்பாக்கியை ஆளும் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்து, திருத்தங்கள் பலவற்றோடு இன்றும் உயிரோடிருப்பது. அதன் அடிப்படை ஒன்றே: அனுமதிப்பத்திரம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. கொடுத்த கை வேண்டும்பொழுது திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடியது. 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கி, தானியங்கித் துப்பாக்கிக்கு ஆயுட்சிறை வரை கொண்டுபோய் நிறுத்தியது. ஆகவே, "எனக்குத் துவக்கு வைத்திருக்க உரிமை உண்டு" என்று இலங்கைக் குடிமகன் எவனும் சொல்ல இயலாது. சிங்களவனும் சொல்ல இயலாது. தமிழனும் சொல்ல இயலாது. அது உரிமையன்று, அரசாங்கத்தின் சலுகை.

சலுகை என்பது எத்தகையது என்பதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2024 இன் பிற்பகுதியிலே, தற்காப்புக்கென்று அனுமதி பெற்று வழங்கப்பட்ட துப்பாக்கிகளையெல்லாம் மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கட்டளையிட்டது. அரசியல்வாதியும் செல்வந்தனும் ஒப்படைக்க வேண்டியவர் வரிசையிலே நின்றனர். கொழும்பிலே செல்வாக்குள்ளவன் கதையே இதுவென்றால், கரவெட்டியிலே வெங்காயம் கட்டுபவன் கதை என்னவாகும்?

சாதாரண மனிதனுக்குக் கிடைக்கக் கூடியது எது? பயிரை அழிக்கும் பன்றியையும் குரங்கையும் விரட்டுவதற்குக் கமக்காரனுக்குக் கொடுக்கப்படும் பன்னிரண்டு போர்த் துவக்கு. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அவ்வளவே அதன் குழலின் வாய். பெயர் வந்த வழி அது. அந்த அனுமதி பயிருக்குக் கொடுக்கப்பட்ட அனுமதி. தோட்டத்துப் பன்றிக்கென்று பெற்றதைத் தம்புள்ளை வீதியிலே கள்ளனுக்கென்று கொண்டு செல்பவன், எதற்காக அனுமதி கேட்டானோ அதற்கு வெளியே தானாகவே காலை வைக்கின்றான். முதல் சோதனைச் சாவடியிலேயே அவன் பாதுகாப்புத் தேடிய வழிப்போக்கனாக அன்றி, விளக்கம் சொல்லவேண்டிய சந்தேகநபராகவே நிற்பான்.

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார் சிலர். பார்ப்போம். துப்பாக்கி வைத்திருத்தலை அரசியலமைப்பு உரிமையாகவே கொண்ட நாடு அது. அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஆகவே வழிப்பயணத்துக்கு எந்த நெடுந்துவக்கு எல்லா மாநிலத்திலும் ஒத்துவரும் என்று அவர்களும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். 1986 இல் அவர்களது காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றி வழிப்போக்கருக்குப் பாதுகாப்பளித்தது. என்ன பாதுகாப்பு? புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுத்தால், இடையிலுள்ள மாநிலங்களைக் கடந்து கொண்டு செல்லலாம். ஆனால் தோட்டா அகற்றப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் வாகனத்திலிருப்போரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். தனி அறையில்லாத வாகனமானால் பெட்டியிலிட்டுப் பூட்டியிருக்க வேண்டும்.

அன்பர்களே, இதைச் சற்றே சிந்தியுங்கள். துப்பாக்கிக்குக் கோயில் கட்டிய நாட்டிலேயே, வழியிலே சட்டம் காப்பாற்றும் துப்பாக்கி, வழியிலே உங்களைக் காப்பாற்ற இயலாத துப்பாக்கி! பூட்டிய பெட்டியில் இருப்பது சட்டத்துக்கு உகந்தது, கள்ளனுக்கு உதவாது. மடியிலே தோட்டா போட்டு வைத்திருப்பது கள்ளனுக்கு உதவலாம், சட்டத்துக்கு உகந்ததன்று. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது துவக்கு ஒன்றை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

சுட்ட பின் என்ன நடக்கும்?

சட்டத்தை விட்டுவிடுவோம்; அனுமதியும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கள்ளன் வந்தான், நீங்கள் சுட்டீர்கள், அவன் விழுந்தான். பின் நடப்பது என்ன?

1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலே 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. தன் உடலையும் பிறர் உடலையும், தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. இந்த உரிமைக்கு எந்த அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை என்பதை நம் மக்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வழிப்பறிக்காரன் உயிருக்கோ அங்கத்துக்கோ உலை வைப்பான் என்று நியாயமாக அஞ்சும் வேளையில், அவனுக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்குக் கூட அவ்வுரிமை நீளும். ஆனால் அதே பிரிவுகள் அதற்கு வரம்பும் கட்டியுள்ளன. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேற்பட்ட தீங்கு செய்யலாகாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமிருக்குமாயின் உரிமையே எழாது. வரம்பைக் கடந்து கொன்றவன், 294 ஆம் பிரிவின் விதிவிலக்கு ஒன்றைப் பற்றிக்கொண்டு கொலைக் குற்றத்திலிருந்து தப்பினாலும், கைமோசக் கொலைக்குச் சிறை செல்வான்.

இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்பவனே அதை நிரூபிக்க வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவு அப்படித்தான் விதிக்கின்றது. 1942 இல் சந்திரசேகரா வழக்கிலே நமது குற்றவியல் மேன்முறையீட்டு மன்று இதை உறுதிப்படுத்திற்று. அப்பாரம் எதிரிமீது ஏறுவது சரியா என்ற வாதம் ஜயசேன வழக்கிலே இலண்டன் கோமறைக் கழகம் வரை போய், அங்கும் எதிரிக்கு எதிராகவே முடிந்தது. பாரம், நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட பாரமன்று. நிகழ்தகவின் சமநிலை போதும் என்பது உண்மையே. ஆயினும், நள்ளிரவிலே, நடுக்காட்டிலே, சாட்சி எவருமில்லாத இடத்திலே, செத்தவனின் கூட்டாளிகள் மறுபக்கச் சாட்சிகளாய் வந்து நிற்க, அந்தச் சமநிலையை உங்கள் பக்கம் சாய்ப்பது எப்படி? உங்கள் முதலாவது வாக்குமூலமோ நீங்கள் சொன்ன மொழியில் எழுதப்படாத வாக்குமூலம். அதன் அடியிலே உங்கள் கையெழுத்து!

பத்து இலட்சம் ரூபா காசைக் காக்கப் புறப்பட்டவன் பத்து ஆண்டுகளைப் பறிகொடுப்பான். துவக்கோ, வழக்குப் பொருளாக நீதிமன்றக் களஞ்சியத்திலே துருப்பிடித்துக் கிடக்கும்.

கருவி செய்யும் வேலை

கருவியைப் பற்றியும் ஒரு சொல். குழலைக் கழற்றி, பிடியைக் கழற்றி, முன்கட்டையைக் கழற்றி மூன்று துண்டாகச் சாக்கிலே சுற்றிக்கொண்டு போகக் கூடியது மடிப்புத் துவக்கு. கொண்டு செல்ல இலகு என்பதனாலேயே பலரும் அதன் பெயரைச் சொல்கின்றனர். ஆனால் மூன்று துண்டையும் பூட்டி, தோட்டாவைப் போட்டு, மடித்து நிமிர்த்தி எடுப்பதற்குள் வாள் கழுத்துக்கு வந்துவிடும். பூட்டியபடியே வைத்திருப்பதென்றால், ஏறக்குறைய நாலடி நீளமான அதை லொறியின் முன்னறைக்குள் திருப்பவும் இடமில்லை. ஒற்றைக் குழலானால் ஒரு வெடி; இரட்டைக் குழலானால் இரண்டு. வருபவர் ஐந்து பேரானால்?

அதுமட்டுமன்று. அத்துவக்கு உமிழ்வது தனிக் குண்டையன்று, சிதறிச் செல்லும் சன்னங்களை. தூரம் கூடக்கூட விரிந்துகொண்டே போகும். ஐம்பது பேர் நெருங்கியிருக்கும் இரவுப் பேருந்திலே, பால்குடிக் குழந்தையும் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும் இருக்கும் பேருந்திலே, ஒருவன் வெடி வைத்தால் சன்னம் கள்ளனை மட்டும் தேடிச் செல்லுமா? குற்றமற்றவருக்குத் தீங்கு நேராமல் தற்காப்புரிமையைப் பயன்படுத்த இயலாத நிலைமை பற்றித் தண்டனைச் சட்டக்கோவை தனிப் பிரிவே வகுத்திருக்கின்றது. 99 ஆம் பிரிவு அது. அது மரணம் விளைவிக்கும் தாக்குதலில் மாத்திரமே அந்த ஆபத்தை ஏற்க அனுமதிக்கின்றது. காசுப்பைக்கு அந்த அனுமதி இல்லை.

பட்டியலைக் கையில் எடுத்தவர் யார்?

இனி வரலாற்றைக் கேட்போம். 1971 ஏப்ரலிலே தெற்கில் கிளர்ச்சி செய்த இளைஞர்கள் ஆயுதத்துக்கு எங்கே போனார்கள்? அனுமதி பெற்று வீட்டிலே துவக்கு வைத்திருந்தவர் வாசலுக்குப் போனார்கள். 1987 முதல் 1989 வரை தெற்கு இரண்டாம் முறை எரிந்தபோதும் அதுவே நடந்தது. வடக்கிலே நம் இயக்கங்கள் முளைத்த காலத்திலும், ஊரிலே யார் வீட்டிலே வேட்டைத் துவக்கு இருக்கின்றதென்று அறிந்து, இரவிலே போய்த் தட்டியவர் உண்டு. வீட்டைக் காக்க வாங்கிய துவக்கு, வீட்டுக்கு ஆயுதபாணியை அழைத்து வந்தது. கள்ளனுக்குத் துவக்குக்காரன் வீடு அச்சமூட்டும் வீடன்று. துவக்கு இருக்கின்ற வீடு!

துவக்கு யாருக்குக் கொடுக்கப்படுகின்றது என்பதையும் பாருங்கள். 1985 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே ஊர்காவற் படைகள் அமைந்தபோது, எல்லைக் கிராமங்களிலே அரசாங்கம் துவக்குக் கொடுத்தது. யாருக்கு? சிங்களக் கிராமத்தவருக்கும் முஸ்லிம் கிராமத்தவருக்கும். அடுத்த கிராமத்துத் தமிழனுக்குக் கொடுக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து வயலில் விதைத்து, ஒரே குளத்து நீரைப் பாய்ச்சியவர்களிலே ஒருவன் தோளிலே துவக்கு, மற்றவன் தோளிலே மண்வெட்டி. கிழக்கிலே அது விதைத்த பகையை இன்றும் அறுத்துக்கொண்டிருக்கின்றோம். பயந்தவனுக்குத் தெரிந்தெடுத்துத் துவக்குக் கொடுத்தால் பயம் போவதில்லை. பக்கத்து வீட்டுக்கு இடம் மாறுகின்றது.

பிறரைக் குற்றஞ்சாட்டிவிட்டு நம்மைத் தப்பவிடுவது நேர்மையன்று. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும், அறுபதுகளிலே நம் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் போகும் உரிமை கேட்டு எழுந்தார்கள். சங்கானையிலும் சூழவுள்ள ஊர்களிலும் அவர்கள்மீது துவக்கு வெடித்தது, உயிர்கள் போயின. அந்நாளிலே கச்சேரி வாசற்படி ஏறித் துவக்குக்கு அனுமதி கேட்கும் வசதி யாருக்கு இருந்தது? காணியும் செல்வாக்கும் உள்ளவனுக்கு இருந்தது. பனையேறிப் பிழைத்தவனுக்கு இருந்ததா? "தமிழனுக்குத் துவக்கு" என்று மேடையிலே முழங்குவோரே, எந்தத் தமிழனுக்கு என்று சொல்லுங்கள்!

பிரித்தானியர் இந்தியாவிலே 1878 இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தைக் காந்தியடிகளே கடுமையாகச் சாடினார் என்பதை எடுத்துக்காட்டி என்னை மடக்குவார் உளர். அறிவேன். ஒரு சாராரைப் பொறுத்துத் தளர்ந்தும் மறு சாராரைப் பொறுத்து இறுகியும் நிற்கும் ஆயுதச் சட்டம் அவமானச் சட்டமே. அந்த அவமானத்தை நானும் உணர்கின்றேன். ஆனால் சமத்துவம் இரு வழிகளில் வரும்: இல்லாதவனுக்கும் கொடுப்பது ஒன்று, இருப்பவனிடமும் வாங்குவது மற்றொன்று. நான் இரண்டாவது வழியைக் கேட்கின்றேன்.

வழியிலே நம்மைக் கொன்றது எது?

வழிப்பயணத்திலே தமிழர் இறந்த கணக்கை எடுத்துப் பாருங்கள். 1958 மே மாதத்திலே, வவுனியா மாநாட்டுக்குச் செல்வோரைத் தேடிப் பொலன்னறுவைப் புகையிரத நிலையத்திலே கும்பல் பெட்டி பெட்டியாகப் புகுந்தது. அந்தப் பெட்டியிலே இருந்தவர் கையிலே இரண்டு வெடித் துவக்கு ஒன்று இருந்திருப்பின், கும்பல் கலைந்திருக்குமா, பெட்டியே எரிந்திருக்குமா? 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகிலே ஏறி நின்று வெட்டினார்கள். 1993 சனவரி 2 ஆம் நாள், கிளாலிக் கடலைக் கடந்த மக்கள்மீது கடற்படை சுட்டது. ஆனையிறவு மூடியிருந்த காலத்திலே குடாநாட்டுக்கு வேறு வழியே இருக்கவில்லை. அம்மக்களுக்கு வேண்டியிருந்தது துவக்கா? திறந்த வழி வேண்டியிருந்தது.

1989 செப்ரெம்பர் 21 ஆம் நாள், மருத்துவர் ரஜனி திராணகம திருநெல்வேலியிலே சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைச் சுட்டது சிங்களக் கும்பலன்று. மறு ஆண்டு ஒக்ரோபரிலே, நம்மோடு பிறந்து நம் மொழி பேசிய வடக்கு முஸ்லிம் மக்களை, கையிலே கொண்டு போகக் கூடியதைத் தவிர வேறொன்றையும் எடுக்கவிடாமல் வழியிலே இறக்கி விரட்டியது எது? தமிழரைக் காக்கவென்று தூக்கிய துவக்கு. இதை எழுதும்போது என் கை கூசுகின்றது. ஆயினும் எழுதாமல் விடுவது பொய்யாகும். காவலுக்கென்று வந்த துவக்கு, யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆனவுடன், காவலை விட்டு ஆட்சிக்குப் போய்விடுகின்றது. அது யார் கையில் இருந்தாலும் இதுவே விதி.

2006 நவம்பர் 10 ஆம் நாள், யாழ்ப்பாணத்தின் முன்னாள் முதல்வரும் பாராளுமன்ற உறுப்பினரும் எங்கள் தொழிலைச் சேர்ந்த சட்டத்தரணியுமான நடராஜா ரவிராஜ், கொழும்பு நாரகேன்பிட்டியிலே தம் வாகனத்தில் செல்கையில் சுடப்பட்டார். அருகே ஆயுதந் தரித்த மெய்ப்பாதுகாவலர் இருந்தார். அவரும் இறந்தார். பயிற்சி பெற்ற காவலனின் துப்பாக்கி காவாத வழியிலே, பயிற்சியில்லாத வெங்காய வியாபாரியின் துவக்குக் காக்குமா?

இறுதியாக ஒன்று. 2016 ஒக்ரோபர் 20 ஆம் நாள் இரவு. கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியிலே மோட்டார் சைக்கிளில் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். விபத்து என்று முதலிலே சொல்லப்பட்டது. மருத்துவப் பரிசோதனை துப்பாக்கிச் சூட்டைக் காட்டிற்று. பொலிசார் ஐவர் கைது செய்யப்பட்டனர். அம்மாணவர் கையிலே துவக்கு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விபத்து என்று சொன்ன வாய், "எங்களைச் சுட வந்தார்கள்" என்று சொல்லியிருக்கும். உயிரோடு மானமும் போயிருக்கும். அவர்கள் கையிலே ஆயுதம் இல்லாதிருந்ததே, அவர்களுக்காக நாடு முழுதும் மாணவர்கள் வீதிக்கு இறங்கக் காரணமாயிற்று.

அப்படியானால் சும்மா சாவதா?

"நன்று! சட்டத்தரணி ஐயா கந்தோரிலே மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதுகின்றார். இருட்டிலே வாளுக்கு முன்னால் நிற்பவன் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. சும்மா சாகச் சொல்பவன் நானல்லன்.

முதலாவது, தனியே செல்லற்க. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர், கரடியும் யானையும் உலாவும் காட்டைக் கூட்டமாகவே கடந்தனர். கையிலே வேல் இருந்தது; அது வேட்டைக்கன்று. தம்புள்ளைக்குச் செல்லும் வியாபாரிகள் பத்து லொறியாகச் சேர்ந்து போவதற்கும் சேர்ந்து திரும்புவதற்கும் ஒரு சங்கம் வேண்டும். காசைக் கையில் கொண்டு திரும்பாமல் வங்கிவழி அனுப்ப வேண்டும். இவை வீரமில்லாத யோசனைகள் என்று நகைப்போர் நகைக்கட்டும். வீட்டுக்கு உயிரோடு வந்து சேர்வதே வழிப்பயணத்தின் வெற்றி.

இரண்டாவது, சட்டம் நம் கையிலே கொடுத்ததைப் பயன்படுத்துவோம். தன் கண்முன்னே பிடியாணையின்றிக் கைது செய்யக் கூடிய குற்றம் புரிபவனைச் சாதாரண குடிமகனும் பிடித்து ஒப்படைக்கலாம் என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவை 35 ஆம் பிரிவிலே கூறுகின்றது. ஒருவன் தனியே இதைச் செய்ய இயலாது. ஊர் சேர்ந்தால் இயலும். ஒவ்வொரு சந்தியிலும் விழிப்புக் குழு வேண்டும், விளக்கு வேண்டும், வாகன இலக்கத்தை எழுதும் கொப்பி வேண்டும். பிடிபட்டவனை அடித்துக் கொல்லாத ஒழுக்கமும் வேண்டும்.

மூன்றாவது, இதுவே தலையாயது: காவல் நமக்குக் கணக்குச் சொல்லும் காவலாக வேண்டும். 1987 நவம்பரிலே அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் நிறைவேறிற்று. மாகாணத்துக்கு மாகாணம் பொலிஸ் பிரிவு, மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு என்று அதிலே எழுதப்பட்டிருக்கின்றது. எழுதிய மை காய்ந்து எத்தனையோ அரசாங்கங்கள் வந்து போயின. ஒன்றேனும் அதை நடைமுறைப்படுத்தியதில்லை. 2013 இல் தெரிவான வடமாகாண சபை, தன் ஐந்தாண்டுக் காலம் முழுவதும் ஒரு பொலிஸ்காரனுக்குக் கூட கட்டளையிடும் அதிகாரம் இல்லாமலே இருந்து 2018 இல் முடிந்தது. சட்டத்திலே இருக்கும் அதிகாரத்தைக் கேட்கச் சோம்பி, சட்டத்திலே இல்லாத துவக்குரிமையைக் கேட்கின்றோமே, இது என்ன அரசியல்!

நம் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்வோம். முறைப்பாட்டைச் சொல்பவன் மொழியிலேயே எழுத வேண்டும். எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டிய பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ் தெரிந்த பொலிசார் ஒவ்வொரு நிலையத்திலும் இரவு பகலாக இருக்க வேண்டும். மாகாணப் பொலிஸ் அதிகாரம் காகிதத்திலிருந்து வீதிக்கு வரவேண்டும். தற்காப்பின் பெயரால் துப்பாக்கி பெற்றோர் எத்தனை பேர், எம்மாவட்டத்தில், எக்காரணத்துக்காக என்ற தொகையை அரசாங்கம் ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். நம் பையனின் வாளையும், அரசியல்வாதியின் அடியாள் இடுப்பிலுள்ள கைத்துவக்கையும், பழைய போரிலே புதைத்து இன்று களவுக்குத் தோண்டியெடுக்கப்படும் துப்பாக்கியையும் ஒரே கண்ணோடு பார்த்துப் பறிக்க வேண்டும்.

1961 பெப்ரவரி 20 ஆம் நாள், யாழ்ப்பாணக் கச்சேரி வாசலிலே வெறுங்கையோடு உட்கார்ந்தவர்களை அடித்துத் தூக்கினார்கள். மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். அரசாங்க இயந்திரத்தை வாரக் கணக்கிலே அசையவொட்டாமல் நிறுத்தினார்கள். ஏப்ரலிலே அவசரகால நிலையைப் பிரகடனஞ்செய்து இராணுவத்தைக் கொண்டுவந்த பின்னரே அவர்களை அகற்ற முடிந்தது. அவர்கள் வென்றுவிட்டார்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுள் ஒருவர் கையில் ஒரு துவக்கு இருந்திருந்தால், இராணுவம் முதல் நாளே வந்திருக்கும். வந்தது சரியென்று உலகமும் சொல்லியிருக்கும்.

அந்த வியாபாரிக்கு அன்றிரவு நான் துவக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய முறைப்பாட்டைத் தமிழிலே மறுபடி எழுதி, முதல் முறைப்பாட்டின் பிரதி கோரி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு, "இதாலை என்ரை காசு வருமோ, ஐயா?" என்று கேட்டார்.

"வராமலும் போகலாம், அண்ணை. ஆனால் இதை ஆயிரம் பேர் எழுதினால், அடுத்த ஆளுக்குக் காசு போகாது" என்றேன்.

அவர் முழுமனதோடு ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கிழமை தம்மோடு தம்புள்ளைக்குப் போகும் நான்கு பேரையும் அழைத்து வருவதாகச் சொல்லிப் போனார். சொன்னபடியே அழைத்தும் வந்தார். ஐந்து லொறிக்காரரும் என் கந்தோர் வாங்கிலே அமர்ந்து, ஒரே நேரத்தில் புறப்படுவதென்றும், ஒருவன் நின்றால் ஐவரும் நிற்பதென்றும் முடிவு செய்தார்கள். ஐவரும் கையெழுத்திட்ட மனு ஒன்றும் தமிழிலேயே போயிருக்கின்றது.

தமிழ்ப் பெருமக்களே! வழித்துணை வேண்டும் என்பதில் நமக்குள் பேதமில்லை. துணை எது என்பதிலேதான் பேதம். கேட்டவுடன் பறிக்கக் கூடிய அனுமதிச் சீட்டும் நாலடி இரும்பும் துணையாகா. அடுத்த லொறியிலே வருபவன் துணை. சந்தியிலே விளக்கேற்றி நிற்பவன் துணை. நம் மொழியிலே எழுதி நம்மிடமே கணக்குச் சொல்லும் காவலன் துணை. முதல் இரண்டையும் நாமே நாளைக்கே உண்டாக்கலாம். மூன்றாவதைப் போராடிப் பெறுவோம்.